ஒரு நூல் தண்ணீர்

ஒரு நூல் இறங்கியிருக்கிறதாம். காலை எட்டரைக்கே வந்துவிட்ட பிச்சைமுத்து மேஸ்திரி, அவர் சொன்ன நேரத்துக்கு வந்ததே ஓர் அதிசயம், படுக்கையறை வழியாக நேரே போய், கதவு கழற்றிப் போட்ட பாத்ரூம் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நேற்றுத் தானே கட்டி நிறுத்திய தண்ணீரை, தூரத்துச் சொந்தக்காரன் பிணத்தைப் பார்ப்பதுபோல் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஒரு நூல் எறங்கிருக்கு டீச்சரம்மா" என்றார். நான் டீச்சர் இல்லை. சம்பளத்துக்கென்று எந்தப் பள்ளிக்கூட வாசலையும் மிதித்தவள் இல்லை. வேலை ஆரம்பித்த முதல் வாரம் பத்து மணிக்கு வருகிறேன் என்றவர் பன்னிரண்டுக்கு வந்து நின்றபோது, "லேட்டா வந்தவங்க வெளிய நில்லுங்க" என்று பழைய கான்வென்ட் வாய் தானாக வந்துவிட்டது, அன்றிலிருந்து டீச்சரம்மா. சரி, நூலாம். நான் குனிந்து தண்ணீருக்குள் தேடினேன். நிஜமாகவே தேடினேன். சாக்கு நூலோ சேலை நூலோ எதுவோ ஒன்று அடியில் இறங்கிக் கிடக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து, "எங்க மேஸ்திரி, எனக்குத் தெரியலையே, என்ன கலரு?" என்று வேறு கேட்டேன். பின்கட்டில் மணல் சலித்துக்கொண்டிருந்த சித்தாள் பவுனு சல்லடையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "கலரா? ஐயோ, நூலுன்னா அளவும்மா. ஒரு இஞ்சுல எட்டுல ஒண்ணு. இங்கிலீசுல படிச்சா இதெல்லாம் சொல்லித் தரமாட்டாங்களா?" மேஸ்திரி சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால் நான் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். தண்ணீரைப் பார்த்தபடியே, "ஒரு நூல்தான்" என்றார் மறுபடி, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல்.

விஷயம் இவ்வளவுதான். பாத்ரூமின் பழைய தரையை முழுக்க உடைத்து, வாசற்படியை எடுத்து, சக்கர நாற்காலி படுக்கையறையிலிருந்து ஒரே மட்டமாக உருண்டு உள்ளே போகிற மாதிரி புதுத் தரை போட்டாயிற்று. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால், தண்ணீர் போகிற ஓட்டையைத் துணியும் சிமென்ட் சாக்கும் வைத்து அடைத்து, வாசலில் கலவையால் ஒரு சின்ன வரப்பு கட்டி, நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தி, சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, ஒரு நாள் விட்டுப் பார்க்க வேண்டுமாம். எங்காவது கசிந்தால் அது பக்கத்துச் சுவருக்குள் ஏறும். அந்தச் சுவரை ஒட்டித்தான் என் வீட்டுக்காரருடைய கட்டில். "புது சிமென்ட்டு குடிச்சிருந்தா இத்தோட நின்னுரும். ஓட்டையின்னா நிக்காது" என்று சொல்லி, மேஸ்திரி காதிடுக்கிலிருந்து பென்சிலை எடுத்துத் தண்ணீர் இப்போது நிற்கிற மட்டத்தில் இரண்டாவது கோடு போட்டார். ஒரு மணிக்கு வந்து பார்ப்பார். கோட்டிலேயே நின்றிருந்தால் நாளைக்கு டைல்ஸ், வெள்ளிக்கிழமை இடுக்குகளைப் பூசி, சனிக்கிழமை காய்ந்து, ஞாயிற்றுக்கிழமை காலை இவர் வீட்டுக்கு வருகிறார், எழுபத்தாறு நாள் கழித்து. இறங்கியிருந்தால் மறுபடி உடைக்க வேண்டும். உடைத்தால் இந்த ஞாயிறு இல்லை. எந்த ஞாயிறு என்று பிச்சைமுத்துவுக்கும் தெரியாது, அவர் கும்பிடுகிற பிள்ளையாருக்கும் தெரியாது. "இத நான் உக்காந்து பாக்கணுமா?" என்று கேட்டேன். "ஒண்ணும் செய்யாம சும்மா விட்டாலே போதும்மா" என்றார். "ஒரு எட்டு போயிட்டு வந்துர்றேன்" என்றும் சொன்னார். அந்த ஓர் எட்டு எத்தனை தெரு, எத்தனை டீக்கடை, எந்த ஊர் என்பதையெல்லாம் நான் இந்த இரண்டு மாதத்தில் அளந்துவிட்டேன். போகும்போது தண்ணீருக்கு நடுவில் தன் பழைய பெயின்ட் பக்கெட்டை, அதிலும் பாதித் தண்ணீரோடு, அப்படியே விட்டுவிட்டுப் போனார். தன் சாமானை எடுத்து வைக்கக்கூடத் தெரியாத மனுஷன். அதை எடுக்கலாம் என்றால் உள்ளே கால் வைக்கக் கூடாது. ஆகவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வாசலில் இழுத்துப் போட்டுக்கொண்டு, சுவரில் ஒரு கோட்டையும் தண்ணீரில் ஒரு பக்கெட்டையும் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. ஒருத்திக்கு என்ன சமையல்.

பதினைந்து நாள் வேலை என்றார். இன்று ஐம்பத்தெட்டாம் நாள். இதில் மேஸ்திரி முழு நாள் இருந்து வேலை செய்தது எத்தனை நாள் என்று கேட்டால் எனக்கே பாவமாக இருக்கும். மணல் வரவில்லை. மணல் வந்தபோது கம்பி வரவில்லை. கம்பி வந்தபோது அவருடைய அக்காள் பேத்திக்குக் காது குத்து. தை மாதத்தில் அவருடைய மச்சினர் இரண்டு முறை இறந்தார், முதலில் லால்குடியில், அப்புறம் முசிறியில். "ஏன் மேஸ்திரி, ரெண்டு தடவை சாகறதுக்கு அந்த மனுஷனுக்கு எப்படி மனசு வந்துச்சு?" என்று கேட்டேன். "அவரு வேற, இவரு வேறம்மா. எனக்கு மச்சினனுங்க ஆறு பேரு." "அப்ப இந்த வேலை முடியறதுக்குள்ள இன்னும் நாலு பேரு இருக்காங்க." அதற்கும் அவர் கோபப்படவில்லை, பூச்சுக் கரணையைத் துணியால் துடைத்துக்கொண்டு, அப்படியும் நடக்கலாம் என்பதுபோல் தலையை ஆட்டினார். கோபமே வராத ஆளிடம் என்ன செய்வது? இவரும் அப்படித்தான். நான் கத்துவேன், இவர் பேப்பரைத் திருப்புவார். ஒரு வார்த்தை பேசுவதற்குள் நான் மூன்று பேசி முடித்திருப்பேன், அவர் சொல்ல வந்ததையும் சேர்த்து. முப்பது வருஷக் குடித்தனத்தில் இவர் எத்தனை வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்திருப்பார் என்று யாராவது எண்ணிப் பார்த்தால், வேண்டாம், எண்ண வேண்டாம், கோட்டைப் பார். கோடு இருக்கிறது. தண்ணீர் கோட்டைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது. மணி ஒன்பதே கால். இன்னும் மூன்றே முக்கால் மணி நேரம். இதற்குள் நான் ஒரு வீட்டையே கூட்டித் துடைத்துத் துணி துவைத்து இரண்டு குழம்பு வைத்துவிடுவேன்.

என்ன அமைதி இந்தத் தண்ணீருக்கு. ஜன்னல் சட்டத்தைக் கழற்றிய ஓட்டை வழியாக வெயில் உள்ளே சாய்ந்து, தண்ணீரில் பட்டு, அங்கிருந்து கூரைக்குப் போய், கூரையில் ஒரு வலை போல நடுங்குகிறது. சாம்பல் நிறச் சிமென்ட்டுச் சுவரும், பூசாத செங்கல்லும், தொங்குகிற குழாயும் இருக்கிற இந்தப் பொந்துக்குள் இப்படி ஒரு வெளிச்சம் வந்து ஆடும் என்று எனக்குத் தெரியாது. காற்று வந்தால் வலை உதறுகிறது, நின்றால் மெல்லச் சேர்ந்துகொள்கிறது. ஒரு எறும்பு வரப்பு வரைக்கும் வந்து, மீசையை நீட்டித் தண்ணீரைத் தொட்டுப் பார்த்து, திரும்பிப் போகிறது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுகிறது. இந்தத் தரையை உடைத்த அன்றும் இப்படித்தான் நின்றுவிட்டேன். மேலே மொசைக், அதற்குக் கீழே சிவப்புத் தரை, அதற்குக் கீழே செங்கல் ஜல்லி, அதற்கும் கீழே மணல், வெறும் மணல், ஈரமாக, கருப்பும் வெள்ளையுமாக மின்னிக்கொண்டு. பவுனு ஒரு கை அள்ளிக் காட்டினாள், அதில் நகம் அளவுக்குச் சின்னச் சின்னக் கிளிஞ்சல்கள். "ஆத்து மணலும்மா. தோண்டுனா இன்னும் கெடைக்கும்." வடக்கே கொள்ளிடம், தெற்கே காவேரி, நடுவில் இந்தத் திருவானைக்காவல், பள்ளிக்கூடத்தில் மேப்பில் பார்த்ததுதான். ஆனால் இந்த வீட்டு அடுக்களையில் நின்று வெங்காயம் நறுக்கிய இருபத்தாறு வருஷமும் நான் ஓர் ஆற்றின் மேல் நின்றிருக்கிறேன் என்று யாரும் சொல்லவில்லை. கோயிலில் கருவறைக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கிறது, ஈரத்துணி போட்டு ஒற்றி எடுக்கிறார்கள், ஊர் கூடிக் கும்பிடுகிறது. அங்கே கசிந்தால் சாமி, என் வீட்டில் கசிந்தால் பிச்சைமுத்து. சிரிப்பு வருகிறது, ஆனால் முழுதாக வரவில்லை. கீழே அவ்வளவு தண்ணீர் காத்துக்கொண்டிருக்க, மேலே நாலு விரல் தண்ணீர் நின்றுகொண்டிருக்க, நடுவில் மேஸ்திரி போட்ட இரண்டங்குலத் தரை. மேலே இருப்பதற்குக் கீழே போக ஆசை இருக்காதா? எனக்கென்றால் இருக்கும்.

போன் அடித்தபோது தூக்கிவாரிப் போட்டது. கரூரிலிருந்து நாத்தனார் புனிதா. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அவள் வீட்டுக்குத்தான் கூட்டிப்போனார்கள், அங்கே பக்கத்திலேயே பேச்சுக்கும் கைகாலுக்கும் பயிற்சி கொடுக்கிற பெண் இருக்கிறாள் என்று. "அண்ணி, வேலை முடிஞ்சுதா? அண்ணன் முகமே வாட்டமா இருக்கு. காலைல இட்லி வேண்டாம்னு தள்ளிட்டாரு." எனக்கு ஏன் என்று தெரியும். புனிதா வீட்டுப் பாத்ரூமுக்கு இரண்டு படி இறங்க வேண்டும், கதவு ஒரு முழம் அகலம், நாற்காலி நுழையாது. இத்தனை நாளாக இவருக்கு ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிடுகிறார்கள். துடைப்பது குளியலா? ஐப்பசி மழையிலும் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்கிற ஆள். ரயிலில் டிக்கெட் பரிசோதித்துவிட்டு எந்த நேரத்துக்கு வீடு வந்தாலும், சாப்பாட்டுக்கு முன்னால் பதினைந்து செம்பு. வெளியே நான் எண்ணிக்கொண்டிருப்பேன், பாசத்தில் இல்லை, குழம்பு ஆறுகிறதே என்று. "அண்ணன்கிட்ட குடுக்கறேன்" என்றாள். மூச்சு கேட்டது. அப்புறம், "கு…" என்றார். "ஆமா, குளிக்கத்தான், ஞாயித்துக்கிழமை வந்து குளிக்கலாம், இங்க எல்லாம் ரெடியாகிட்டு இருக்கு" என்று நான் கடகடவென்று சொன்னேன். மூச்சுச் சத்தம் போனை விட்டு விலகியது. புனிதா போனை வாங்கிக்கொண்டாள். "அண்ணி, எத்தன தடவ சொல்றேன். நீங்க முடிச்சுக் குடுக்காதீங்க. அவரே சொல்லட்டும்னு அந்தப் பொண்ணு சொல்லியிருக்குல்ல? நீங்க முடிச்சுட்டா அவரு வாய மூடிக்கிறாரு. அப்பறம் நாள் பூரா பேச்சு கெடையாது." சரி, சரி என்றேன். சரி என்பதைக்கூட இரண்டு தடவை சொல்கிற அவசரம் எனக்கு. அவர் 'கு' என்றது குளியல்தானா? குமுதவல்லி என்று என் பேரைச் சொல்ல வந்தாரோ? முப்பது வருஷத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டது நாலைந்து தடவைதான் இருக்கும். இனி எப்படித் தெரிந்துகொள்வது.

மார்கழி ஏழாம் தேதி காலை. இதை நினைக்கக் கூடாது என்றுதான் கோட்டையும் எறும்பையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஆனால் நான் உட்கார்ந்திருப்பதே அந்தக் கதவு இருந்த இடத்தில். இதே இடத்தில் நின்றுதான் தட்டினேன். ஆறு மணிக்கு உள்ளே போனவர் ஆறரை ஆகியும் வரவில்லை, குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "உள்ள குடியிருக்கப் போறீங்களா?" என்றேன். பதில் இல்லை. பால் பொங்குகிறதா என்று பார்த்துவிட்டு வந்து மறுபடி தட்டினேன். "மோட்டார் போட்டது நானு, தண்ணிய நீங்க இப்படித் திறந்து விடுறீங்க." தண்ணீருக்குத்தான் கோபப்பட்டேன். தண்ணீர் வீணாகிறதே என்றுதான். மூன்றாவது தடவை என்ன சொன்னேன் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை, புனிதாவிடம்கூட, இப்போதும் சொல்லப் போவதில்லை. எதிர்வீட்டுக்காரர் வந்து தாழ்ப்பாளை உடைத்தபோது இவர் மூலையில் ஒருக்களித்துக் கிடந்தார், கண் திறந்திருந்தது, கன்னம் தரையில் இருந்தது. அந்த மூலையில் எப்போதும் தண்ணீர் தேங்கும். பழைய தரை கட்டியதிலிருந்தே தேங்கும். இருபத்தாறு வருஷம் நான் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டு, இதைச் சரிபண்ணணும் சரிபண்ணணும் என்று சொல்லிக்கொண்டு இருந்தேன். தேங்கிய தண்ணீர் இவர் உதட்டோரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. இன்னும் ஒரு நூல் ஏறியிருந்தால். ஆமாம், அன்றைக்கு எனக்கு அந்த அளவு தெரியாது, இன்றைக்குத் தெரிகிறது, ஒரு நூல்தான் மிச்சம் இருந்தது. அவர் கண் என்னைப் பார்த்தது. நான் பேசியதெல்லாம் அவருக்குக் கேட்டிருக்கிறது. ஓடுகிற ரயிலில் ஒரு கம்பியையும் பிடிக்காமல், சார்ட்டில் எழுதிக்கொண்டே பெட்டி பெட்டியாக நடந்துபோவாராம், பெட்டி எந்தப் பக்கம் சாயும் என்று காலுக்கு முன்கூட்டியே தெரியுமாம், கல்யாணமான புதிதில் இதைப் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தார், அதையும் நான் பாதியில் நிறுத்தி, "சரி, ஆபீஸ்ல ஒக்கார்ற வேலையா மாத்திக்கிட்டா என்ன?" என்றேன். அந்தக் கால் இந்த மூலையில் அசையாமல் கிடந்தது.

மணி பதினொன்று ஆகப் போகிறது. இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் கடைசியாக நான் உட்கார்ந்தது கான்வென்ட்டில்தான். மாதத்தில் முதல் வெள்ளிக்கிழமை சாப்பலில் ஒரு மணி நேரம் ஆராதனை. கத்தோலிக்கப் பிள்ளைகள் முன்னால், நாங்கள் நாலைந்து நெற்றியில் பொட்டு வைத்த பிள்ளைகள் கடைசிப் பெஞ்சில், வர வேண்டும் என்று கட்டாயமில்லை, ஆனால் வெளியே நின்றால் வகுப்பில் தையல். தையலுக்கு இது தேவலை என்று போவேன். நான் தைத்தது எதுவும் நேராக வந்ததில்லை, சிஸ்டர் பிளாண்டினா துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "பிரி. மறுபடி தை" என்பார், அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டமாட்டார், பிரி, மறுபடி தை. சாப்பலில் எல்லோரும் ஒரு சின்ன விளக்கையும் அதற்கு மேலே வெள்ளையாக ஓர் அப்பத் துண்டையும் பார்த்துக்கொண்டு முழந்தாளிட்டிருப்பார்கள். நான் தரையின் கட்டங்களை எண்ணுவேன், முந்நூற்றுப் பன்னிரண்டு. "சிஸ்டர், அங்க என்னத்தப் பாக்கறாங்க?" என்று ஒருநாள் கேட்டேன். சிஸ்டர் யோசித்தார். "பாத்துக்கிட்டிரு. அது உன்னப் பாக்கும்" என்றார். பதில் தெரியாவிட்டால் சிஸ்டர்கள் இப்படித்தான் எதையாவது சொல்வார்கள் என்று நினைத்தேன், பல்லவன் பஸ் கண்டக்டர் சில்லறை இல்லையென்றால் சொல்வதுபோல. இப்போது காற்று நின்றிருக்கிறது. தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. சுவரும் கூரையும் குழாயும் ஜன்னல் ஓட்டையில் ஒரு துண்டு வானமும், எல்லாம் தலைகீழாக, ஆழமாக, நாலு விரல் தண்ணீருக்குள் நாற்பது அடி ஆழமாக இறங்கிக் கிடக்கின்றன, அவற்றின் ஓரத்தில் நாற்காலியில் ஒரு பெண்பிள்ளை முன்னால் சாய்ந்து என்னையே பார்க்கிறாள். அவள் வாய் மூடியிருக்கிறது. இவளை நான் இதற்கு முன் பார்த்ததில்லை என்று தோன்றியது, மயிர்க்கால் எல்லாம் நட்டுக்கொண்டது, பக்தியா பயமா என்று சொல்லத் தெரியவில்லை.

அப்போதுதான் கோட்டைப் பார்த்தேன். கோட்டுக்குக் கீழே ஈரமாக ஒரு கறுப்புத் தெரிகிறது. இல்லை. இருக்கிறது. முன்னால் குனிந்தால் இல்லை, நிமிர்ந்தால் இருக்கிறது, ஒரு தலைமுடி அளவுக்கு. நூல்கூட இல்லை, நூலில் கால். நெஞ்சு அடிக்கிற சத்தம் தண்ணீரில் வட்டம் போட்டுவிடும் போலிருந்தது. இறங்கியிருக்கிறது. உடைப்பார். மறுபடி மணல், மறுபடி மூன்றாவது மச்சினன், புனிதா வீட்டில் மறுபடி ஈரத்துணி. இவர் இட்லியைத் தள்ளுவார், அப்புறம் சோற்றைத் தள்ளுவார், அப்புறம். நான் எழுந்துபோய்ப் பின்கட்டுத் தொட்டியில் ஒரு மக்கில் தண்ணீர் மொண்டு வந்ததை நான் செய்யவில்லை, என் கை செய்தது. ஒரு மக் போதும். வரப்போரமாக, சத்தம் வராமல், சாய்த்து ஊற்றினால் கோடு மூழ்கும், மேஸ்திரி வருவார், நின்னுருச்சு என்பார், நாளைக்கு டைல்ஸ், ஞாயிற்றுக்கிழமை குளியல். கசிவதானால் அது டைல்ஸுக்கு அடியில் கசிந்துகொள்ளட்டும், எந்தச் சுவரில் எந்த வருஷம் ஈரம் ஏறுகிறதோ அப்போது பார்த்துக்கொள்ளலாம். "ஊத்துங்க ஊத்துங்க" என்று பின்னால் குரல். பவுனு இடுப்பில் சட்டியோடு நின்றிருந்தாள். "எல்லா வீட்லயும் ஊத்துவாங்க. ஸ்ரீரங்கத்துல ஒரு ஐயர் வீட்டம்மா ரெண்டு குடம் ஊத்துச்சு." எனக்கு முகம் எரிந்தது. "யாரு ஊத்தறா? நான் கை கழுவ எடுத்துட்டு வந்தேன்." "கழுவுங்க. ஆனா மேஸ்திரி கண்டுபுடிச்சிரும். அந்த பக்கெட்டு எதுக்கு நிக்கிதுன்னு நெனக்கிறீங்க?" மறந்து விட்டுப் போனது என்றேன். அவள் சட்டியை இறக்கி வைத்தாள், சொல்லித் தருகிற சந்தோஷம் அவள் முகத்தில் தெரிந்தது. "அந்தாளு மறதிக்காரருதான், ஆனா அத மறக்கல. பக்கெட்டுக்குள்ளயும் கோடு போட்டிருக்கு, போயி எட்டிப் பாருங்க. அதுல ஓட்டை கெடையாது. காத்தும் வெயிலும் குடிச்சா ரெண்டுலயும் ஒரே மாதிரி கொறையும். வெளிய மட்டும் கொறஞ்சா ஓட்டை. வெளிய மட்டும் கூடுனா," என்று என் கையிலிருந்த மக்கைப் பார்த்தாள், "டீச்சரம்மா."

மக்கை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெயின்ட் காய்ந்து, கைப்பிடிக்குப் பதில் கம்பி கட்டின ஒரு ஓட்டைப் பக்கெட், ஓட்டை இல்லாத பக்கெட், இரண்டு மணி நேரமாக என் கண் முன்னால் நின்று, காற்று எவ்வளவு குடிக்கிறது என்று கணக்கெடுத்துக்கொண்டிருக்கிறது. கான்வென்ட்டில் கண்ணாடிப் பாத்திரங்களை வரிசையாக வைத்து, வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, நாங்கள் நோட்டில் நகலெடுத்த எந்தச் சோதனையும் என்னை இப்படிச் சிலிர்க்க வைத்ததில்லை. காற்று குடிக்கிறது, வெயில் குடிக்கிறது, சிமென்ட் குடிக்கிறது, எறும்பு குடிக்கிறது, ஒவ்வொன்றும் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஒரு பக்கெட். எட்டிப் பார்த்தேன். உள்ளே நீலப் பெயின்ட்டின் மேல் பென்சில் கோடு, தண்ணீர் அதற்குக் கீழே ஒரு தலைமுடி இறங்கியிருந்ததா, இல்லை என் கண்ணா? தெரியவில்லை. இங்கே உட்கார்ந்தபடி தெரியாது. உள்ளே கால் வைக்கவும் கூடாது. தெரியாமலே இருக்க வேண்டும், ஒரு மணி வரைக்கும். மக் தண்ணீரைக் குடித்தேன். பவுனு போகிற போக்கில், "ஐயா வந்தா மொதல்ல நெல்லெண்ண வச்சுக் குளிப்பாட்டுங்கம்மா. ஒடம்பு வெறகாட்டம் ஆயிருக்கும்" என்றாள். காலி மக்கை நாற்காலிக்கு அடியில் கவிழ்த்து வைத்தேன்.

ஒன்று இருபதுக்கு மேஸ்திரி வந்தார். எங்கே போயிருந்தார் என்று கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பைத் தாண்டித் தண்ணீருக்குள் ஒரே ஒரு அடி வைத்து, பக்கெட்டுக்குள் பார்த்தார். கட்டைவிரல் நகத்தை உள்ளே வைத்துப் பார்த்தார். சுவருக்குப் போய் அதே நகத்தை அங்கே வைத்தார். திரும்ப பக்கெட்டுக்கு வந்தார். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார். ஒரு காலத்தில், இன்று காலை வரைக்கும்கூட, "சொல்லித் தொலைங்க மேஸ்திரி" என்றிருப்பேன். "ரெண்டும் ஒரே அளவு. நின்னுருச்சு" என்றார். அவ்வளவுதான். அடைப்பை எடுக்கக் குனிந்தார். "இருங்க" என்றேன், செருப்பை உதறினேன், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, இவர் உட்காரப் போகிற இடத்தில், பழைய மூலைக்குப் பக்கத்தில், போட்டு உட்கார்ந்தேன். புடவைக் கரை நனைந்தது. பவுனு வாசலில் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "இப்ப எடுங்க." மேஸ்திரி கையை விட்டுத் துணிமூட்டையை இழுத்தார். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் தண்ணீர் ஒரு தடவை பெருமூச்சு விட்டது. என் கால்விரல்களைச் சுற்றி மெதுவாக ஓர் இழுப்பு, யாரோ சின்னப் பிள்ளை விரலைப் பிடித்துக் கூப்பிடுவதுபோல. நாலு பக்கத்திலிருந்தும், சுவரோரத்திலிருந்தும், வாசலடியிலிருந்தும், ஒன்றை ஒன்று இடிக்காமல், அவசரப்படாமல், எங்கே போக வேண்டும் என்று பிறந்ததிலிருந்து தெரிந்த மாதிரி, தண்ணீரெல்லாம் புறப்பட்டது. கண்ணுக்குத் தரை தட்டையாகத்தான் இருக்கிறது. நாற்காலி உருளாத அளவுக்குத் தட்டை. எங்கே ஒளித்து வைத்தார் இந்தச் சரிவை? "வாட்டம் எப்பிடி?" என்றார் மேஸ்திரி. கரூரில் வாடியிருக்கிற முகத்தைக் கேட்கிறார் என்று நினைத்து, "காலைல இட்லிகூட வேண்டான்னுட்டாராம்" என்றேன். மேஸ்திரி என்னையும் பவுனுவையும் மாறி மாறிப் பார்த்தார். "அய்யா மொகத்தக் கேக்கலம்மா. தண்ணி ஓடற சாய்ப்பு. அதுக்குப் பேரும் வாட்டம். அந்த மூலையப் பாருங்க. அங்க தேங்கும்னு சொன்னீங்கள்ல, அதுக்காகத்தான் மூணு தடவ கொத்தி எடுத்துப் போட்டேன்." மூன்று தடவை. நான் சோம்பேறித்தனம் என்று திட்டிய நாட்கள். பிரி, மறுபடி தை. குனிந்து பார்த்தேன். கன்னம் கிடந்த மூலையிலிருந்து தண்ணீர் ஒரு நாக்கு மாதிரி நீண்டு, மெலிந்து, நூலாகி, போயே போய்விட்டது. கையை வைத்துத் தடவினேன். ஈரம் இருந்தது. தண்ணீர் இல்லை.

போனை எடுத்துப் புனிதாவைக் கூப்பிட்டு, அவர் காதில் வை என்றேன். பிறகு ஒன்றும் சொல்லாமல் போனை ஓட்டைக்குப் பக்கத்தில் தரையோடு பிடித்தேன். கடைசித் தண்ணீர் சுழன்று சுழன்று கீழே மணலுக்குள், ஆற்றுக்கு, இறங்குகிற சத்தம், களகளவென்று, ஒரு குளியல் முடிந்தால் வருகிற சத்தம். அது நின்ற பிறகு போனைக் காதில் வைத்தேன். மூச்சு கேட்டது. "ஊ…" என்றார். எனக்குத் தெரியும் என்ன வார்த்தை என்று. நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, அதற்குப் பின்னால் இன்னும் நாலு வார்த்தை வரிசையில். உதட்டைக் கடித்துக்கொண்டேன். மேஸ்திரி பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போனார், பவுனு சட்டியைத் தட்டினாள், கூரையிலிருந்த வெளிச்ச வலை போய்விட்டிருந்தது. "ஊ… த்…" மூச்சு. நான் வாசலைப் பார்த்தேன், கதவில்லாத வாசல். "இங்கதான் இருக்கேன்" என்றேன். "மெதுவாச் சொல்லுங்க."